கிரியாட்டினின் ஏறினால்: மாற்றுச் சிறுநீரகத்தில் நிராகரிப்பும் சிகிச்சையும்

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள் வீட்டில் பெரும்பாலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். தேதி, ரத்த அழுத்தம், கிரியாட்டினின், மாத்திரை அளவு என்று கட்டம் போட்டு எழுதி வைத்திருப்பார்கள். ஆறேழு மாதமாக 1.2, 1.1, 1.2 என்று ஓடிக்கொண்டிருந்த வரிசையில் ஒரு நாள் 1.6 வந்து உட்காரும். உடனே வீட்டில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். ‘லேப்ல தப்பாப் பார்த்திருப்பாங்க, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்பது ஒன்று. ‘உடம்பு கிட்னியை ஏத்துக்கலை, உடனே ஸ்டீராய்டு ஏத்தணும்’ என்பது இன்னொன்று. முதல் பேச்சின் ஆபத்து எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதிலும் அதே அளவு ஆபத்து உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அவசரத்தில் மருத்துவர்களும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவதுண்டு. காரணம் புலப்படாமல் ஏறிய கிரியாட்டினினுக்கு, சிறுநீரகத் திசுவைப் பார்க்காமல் நிராகரிப்புச் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது என்பதே இந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு. 2009-ல் வெளியான கே.டி.ஐ.ஜி.ஓ. சர்வதேச வழிகாட்டுதலும் இதைத்தான் பரிந்துரைக்கிறது: பயாப்சியால் சிகிச்சை பெரிதும் தாமதமாகும் நிலை இருந்தாலொழிய, முதலில் பயாப்சி, பிறகு சிகிச்சை.

முதலில் அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம். கிரியாட்டினின் தசையில் உண்டாகும் கழிவு. மெலிந்த உடல்வாகு கொண்ட ஒரு பெண்ணுக்கு 1.2 என்பதும், உடலுழைப்பால் தசை இறுகிய ஓர் ஆணுக்கு 1.2 என்பதும் ஒன்றல்ல. அதனால் ஆய்வறிக்கையின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் ‘இயல்பு அளவு’ இங்கே பெரிய உதவி செய்யாது. உங்கள் வழக்கமான அளவோடுதான் ஒப்பிட வேண்டும். அதைவிடக் கால் பங்கு, அதாவது 25 சதவீதம் ஏறினால் கவனிக்க வேண்டிய ஏற்றம் என்று பல மையங்கள் கொள்கின்றன, 1.2-ல் இருந்தவருக்கு 1.5 அந்த எல்லை. இன்னொரு சிக்கல், கிரியாட்டினின் தாமதமாகத்தான் பேசும். திசுவுக்குள் அழற்சி தொடங்கிய பிறகும் மிச்சமிருக்கும் வடிகட்டிகள் கூடுதல் சுமையை ஏற்றுக்கொண்டு கொஞ்ச காலம் சமாளிக்கும். காய்ச்சல், மாற்றுச் சிறுநீரகம் இருக்கும் இடத்தில் வலி, சிறுநீர் குறைதல் என்று பழைய பாடநூல்கள் அடுக்கும் அறிகுறிகள், எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் போன்ற வலுவான மருந்துகள் வந்த பிறகு அபூர்வமாகிவிட்டன. ‘எனக்கு ஒண்ணுமே செய்யலையே’ என்று சொல்பவருக்கும் நிராகரிப்பு நடந்துகொண்டிருக்கலாம். அதனால்தான் ரத்தப் பரிசோதனைக்கு அட்டவணை வைத்திருக்கிறார்கள்: அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரம் வரை தினமும், முதல் மாதம் முடியும்வரை வாரம் இரண்டு மூன்று முறை, இரண்டு மூன்றாம் மாதங்களில் வாரம் ஒருமுறை, ஆறாம் மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, ஓராண்டு வரை மாதம் ஒருமுறை, அதன் பிறகு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை. சிறுநீரில் புரதம் புதிதாகத் தென்பட்டாலும் அதே அளவு அக்கறை வேண்டும். கிரியாட்டினின் அசையாமலேயே புரதம் மட்டும் கசியும் நிராகரிப்பும் உண்டு.

உடல் ஏன் நிராகரிக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் செல்களின் மேல் எச்.எல்.ஏ. என்னும் அடையாளப் புரதங்கள் இருக்கின்றன. அந்நிய அடையாளத்தைக் கண்டதும் வெள்ளணுக்கள் தாக்கும். 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒரே உருவ இரட்டையருக்கிடையே நடந்ததால் எந்த மருந்தும் இல்லாமல் நின்றது. மற்ற எல்லோருக்கும் மருந்து தேவை. தாக்குதல் இரண்டு வழியில் வரும். டி செல்கள் நேரடியாகத் திசுவுக்குள் புகுந்து சிறுநீர் நுண்குழாய்களைத் தின்பது ஒன்று. பி செல்கள் வழியே உண்டாகும் எதிர்ப்பொருள்கள் ரத்த நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு சேதம் விளைவிப்பது மற்றது. இரண்டும் சேர்ந்தும் வரலாம். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சிகிச்சை இதைப் பொறுத்தே பிரிகிறது.

எதிர்ப்பொருள் முன்கூட்டியே ரத்தத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதை 1969-ல் படேலும் டெராசாகியும் காட்டினார்கள். தானம் பெறுபவரின் ரத்தம் கொடுப்பவரின் செல்களைத் தாக்குகிறதா என்று முன்பே பார்க்கும் ‘கிராஸ்மேட்ச்’ சோதனையில் தாக்கும் என்று வந்த 30 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனே செயலிழந்தது. தாக்காது என்று வந்த 195 பேரில் 8 பேருக்கு மட்டுமே அப்படி ஆனது. அன்றிலிருந்து இந்தச் சோதனை கட்டாயமானது. அறுவை மேசையிலேயே சிறுநீரகம் கறுத்துப்போகும் உடனடி நிராகரிப்பு ஏறக்குறைய மறைந்தது. நம் ஊருக்கு இதில் ஒரு தனிப் பொருத்தம் இருக்கிறது. இங்கே பெரும்பாலும் உயிரோடு இருக்கும் உறவினர்தான் சிறுநீரகம் தருகிறார். மனைவி கணவனுக்குத் தரும்போது இல்லாத ஒரு சிக்கல், கணவன் மனைவிக்குத் தரும்போது வரும். கர்ப்ப காலத்தில் குழந்தை வழியே கணவனின் அடையாளங்கள் அவள் ரத்தத்துக்கு ஏற்கெனவே அறிமுகமாகியிருக்கும். பெற்ற பிள்ளை தாய்க்குத் தரும்போதும் இதே கதைதான். டயாலிசிஸ் காலத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் இன்னும் கூடும். எத்தனை முறை கருவுற்றார் (கலைந்தவையும் சேர்த்து), எத்தனை யூனிட் ரத்தம் ஏற்றினார்கள் என்ற விவரம் உங்கள் கோப்பில் இல்லையென்றால், இன்றே எழுதி வையுங்கள். பின்னால் கிரியாட்டினின் ஏறும் நாளில் மருத்துவர் முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று.

சரி, 1.6 வந்துவிட்டது. முதல் ஓரிரு நாள் எளிய காரணங்களைக் கழிப்பதற்கு. வயிற்றுப்போக்கு, வாந்தி, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்தது, மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக், யாரோ சொல்லிக் குடித்த கஷாயம், சிறுநீர்த் தொற்று: இவை எதுவும் அந்த எண்ணை ஏற்றும். சொல்ல வெட்கப்பட்டு மறைக்கும் கஷாயம்தான் அதிகம் குழப்பும். ஸ்கேனில் சிறுநீர்க் குழாய் அடைப்பும், டாப்ளரில் ரத்தக் குழாய்ச் சுருக்கமும் தெரிந்துவிடும். அடுத்தது டாக்ரோலிமஸ் அளவு. நோயாளிகள் ‘டாக்ரோ லெவல்’ என்று சொல்லும் இந்தச் சோதனையில் நடக்கும் ஒரு சிறு பிழை பெரிய முடிவுகளைத் திசைதிருப்பிவிடும். காலை மாத்திரை போடும் முன், முந்தைய இரவு மாத்திரையிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். பழக்க தோஷத்தில் எட்டு மணி மாத்திரையைப் போட்டுவிட்டு ஒன்பதரைக்கு லேபில் கை நீட்டினால் 6 இருக்க வேண்டிய இடத்தில் 15 வரும். மருந்து அதிகம் என்று நினைத்து மருத்துவர் குறைப்பார். உண்மையில் போதுமான அளவில் இருந்த மருந்து குறைந்துவிடும். மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு போய், ரத்தம் கொடுத்த பிறகு அங்கேயே விழுங்குவதுதான் சரி. தவறிப் போட்டுவிட்டீர்களானால் அன்று ரத்தம் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.

டாக்ரோலிமஸ் ஒரு விசித்திரமான மருந்து. குறைந்தால் நிராகரிப்பு, கூடினால் அதுவே சிறுநீரக ரத்தக் குழாயைச் சுருக்கிக் கிரியாட்டினினை ஏற்றும். பல மையங்கள் தொடக்க மாதங்களில் 8 முதல் 10 நானோகிராம், பின்னர் 5 முதல் 8 என்று ஒரு குறுகிய பாதைக்குள் அதை ஓட்டுகின்றன. அந்தப் பாதையிலிருந்து அதைத் தள்ளிவிடும் பொருள்கள் நம் வீட்டிலும் மருந்துப் பெட்டியிலும் இருக்கின்றன. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் சில நாட்களிலேயே அளவை அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும். காசநோய் பரவலாக இருக்கும் நாட்டில் இது நிராகரிப்புக்கு ஒரு நேர்வழி. வலிப்புக்கான ஃபெனிடோயினும் இறக்கும். பூஞ்சைக்கான ஃபுளுகோனசோல், ரத்த அழுத்தத்துக்கான டில்டியாசெம், கிளாரித்ரோமைசின், பம்பளிமாஸ் பழம் ஆகியவை ஏற்றும். வயிற்றுப்போக்கும் ஏற்றும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்: குடல் சுவரில் மருந்தைத் தடுத்து உடைக்கும் அமைப்பு பாதிக்கப்படுவதால் கூடுதல் மருந்து ரத்தத்துக்குள் போய்விடுகிறது. இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் எண் இறங்கவில்லை என்றால், அல்லது தொடக்கத்திலேயே இவற்றில் எதுவும் பொருந்தவில்லை என்றால், பயாப்சி.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஒரே 1.6-க்குப் பின்னால் இருக்கக்கூடிய காரணங்களுக்குச் சிகிச்சை ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் இருப்பதால். நிராகரிப்பு என்றால் எதிர்ப்பாற்றலை இன்னும் அழுத்த வேண்டும். பி.கே. வைரஸ் என்றால் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். 1971-ல் லண்டனில் சிறுநீரக மாற்றுப் பெற்ற ஒருவரின் சிறுநீரில் கண்டுபிடிக்கப்பட்டு, அவருடைய பெயரின் முதலெழுத்துகளையே தன் பெயராகப் பெற்ற வைரஸ் அது. நம்மில் பெரும்பாலோர் உடலில் சிறு வயதிலிருந்தே தூங்கிக்கொண்டிருக்கும் இந்த வைரஸ், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளின் நிழலில் விழித்துக்கொள்கிறது. அது தரும் அழற்சி நுண்ணோக்கியில்கூட நிராகரிப்பைப் போலவே இருக்கும், எஸ்.வி.40 என்ற சிறப்புச் சாயம் போட்டால்தான் பிரித்தறியலாம். ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 10,000-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தையும் தாக்கியிருக்கும் என்று சந்தேகிக்க வேண்டும். இவருக்கு நிராகரிப்பு என்று நினைத்து மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றினால் எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றியதாகிவிடும்.

பயாப்சி என்ற சொல்லைக் கேட்டதும் வரும் பயத்தில் பாதி, அதை அறுவை சிகிச்சையாகக் கற்பனை செய்வதால் வருகிறது. மாற்றுச் சிறுநீரகம் முதுகுப் பக்கம் இல்லை. அடிவயிற்றின் ஓரத்தில் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. மல்லாந்து படுத்தால் போதும். ஸ்கேன் கருவியை வைத்து இடம் பார்த்து, மரத்துப்போக ஊசி போட்டு, விசைத் துப்பாக்கி போன்ற ஊசியை உள்ளே செலுத்துவார்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம். வெளியே வருவது சேமியா இழை போன்ற, ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு. இப்படி இரண்டு துண்டு எடுப்பது நல்லது. பத்து வடிகட்டி முடிச்சுகளும் இரண்டு தமனிகளும் அதில் இருந்தால்தான் முழுமையான மாதிரி என்பது, அடுத்துப் பார்க்கப்போகும் பான்ஃப் வகைப்பாட்டின் விதி. பிறகு சில மணி நேரம் அசையாமல் படுத்துக்கொண்டு, சிறுநீர் சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

அந்தச் சேமியா இழையில் நோயியல் மருத்துவர் தேடுவது என்ன? 1991-ல் கனடாவின் பான்ஃப் நகரில் கூடிய மருத்துவர்கள் வகுக்கத் தொடங்கி, இன்றுவரை திருத்திக்கொண்டே வரும் வகைப்பாடு அதற்கு மொழி தருகிறது. சிறுநீர் நுண்குழாய்ச் சுவரின் செல்களுக்கு நடுவே கறுத்த உருண்டைகளாக வெள்ளணுக்கள் நுழைந்திருந்தால் டி செல் நிராகரிப்பு. தமனிச் சுவருக்குள்ளும் நுழைந்திருந்தால் கடுமையான வகை. நுண்குழாய்களைச் சுற்றியுள்ள மெல்லிய ரத்த நாளங்களில் வெள்ளணுக்கள் அடைத்துக் கிடந்து, சி4டி என்ற சாயம் அந்த நாளங்களை வளையம் வளையமாக ஏற்றிக் காட்டினால் எதிர்ப்பொருள் நிராகரிப்பு. கூடவே கொடுத்தவருக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்ற டி.எஸ்.ஏ. சோதனையும் வேண்டும். அறிக்கையில் ‘ஐ’, ‘டி’, ‘ஜி’, ‘பி.டி.சி.’ என்று எழுத்துகளும் 0 முதல் 3 வரை எண்களும் இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

இதற்கு எதிரான வாதங்கள் வலுவற்றவை அல்ல. பயாப்சியில் ரத்தக் கசிவு வரும், ஒரே ஒரு சிறுநீரகத்தையும் ஏன் பணயம் வைக்க வேண்டும் என்பது முதல் வாதம். சிறுநீரில் சிறிது ரத்தம் கலப்பது பலருக்கு நேரும், தானே நிற்கும். தலையீடு தேவைப்படும் கசிவு நூறில் ஒருவர் அளவில்தான். சிறுநீரகத்தையே இழப்பது மிக மிக அரிது. மறுபக்கத் தட்டில் தவறான சிகிச்சையின் விலையை வைத்துப் பாருங்கள். இரண்டாவது வாதம் செலவு. உண்மைதான், ஆனால் நிராகரிப்பு என்று ஊகித்து ஏற்றும், டி செல்களை அழிக்கும் ஏ.டி.ஜி. என்ற மருந்தின் விலை, அதன் பின் வரும் தொற்றுக்கான படுக்கைச் செலவு இவற்றோடு ஒப்பிட்டால் பயாப்சி சிறு தொகை. மூன்றாவதுதான் கடினமானது: மாதிரி எடுத்த இடத்தில் நிராகரிப்பு இல்லாமல் பக்கத்தில் இருக்கலாம், ஒரே சில்லைப் பார்த்து இரண்டு நோயியல் மருத்துவர்கள் வெவ்வேறு மதிப்பெண் போடுவதும் நடக்கிறது. இதை மறுக்க முடியாது. ‘எல்லைக்கோட்டு’ வகை என்று ஒன்றைப் பான்ஃப் வைத்திருப்பதே அந்தத் தயக்கத்தின் ஒப்புதல். ஆனால் குறையுள்ள சாட்சி இருக்கிறது என்பதற்காகச் சாட்சியே இல்லாமல் தீர்ப்பு எழுத முடியாது. நான்காவது, கொடுத்தவரின் டி.என்.ஏ. துணுக்குகளை ரத்தத்தில் அளக்கும் புதிய சோதனை வந்துவிட்டதே என்பது. பொதுவாக 1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சேதம் நடக்கிறது என்று அது சொல்லும். எதிர்ப்பொருள் வகையை நன்றாகவும், லேசான டி செல் வகையைச் சுமாராகவும் காட்டும். சேதம் எதனால் என்று அது சொல்லாது. பயாப்சி எப்போது வேண்டும் என்று முடிவு செய்ய அதை வைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு விலக்கை ஏற்றுக்கொள்கிறேன். கிரியாட்டினின் நாளுக்கு நாள் தாவுகிறது, பயாப்சி வசதி இரண்டு மூன்று நாள் பயணத் தூரத்தில் இருக்கிறது என்றால், முதல் ஸ்டீராய்டு ஊசியைப் போட்டுவிட்டு நோயாளியை அனுப்புவது தவறல்ல. நிராகரிப்பின் தடயம் ஓரிரு ஊசியில் முழுதும் அழிந்துவிடாது.

டி செல் நிராகரிப்பு உறுதியானால் மெத்தில்பிரெட்னிசோலோன் பெரும்பாலும் நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் வீதம், மூன்று நாள் நரம்பு வழியே ஏற்றப்படும். சர்க்கரை எகிறும், சர்க்கரை நோயாளிக்கு அந்த நாட்களில் இன்சுலின் தேவைப்படும், தூக்கம் கெடும். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்துக்குள் எண் இறங்கத் தொடங்கும். இறங்காவிட்டாலோ, தமனி வரை தாக்கிய கடுமையான வகையென்றாலோ ஏ.டி.ஜி., கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் கணக்கில் பல நாள். முதல் நாள் குளிர்க்காய்ச்சல் போல் உடல் நடுங்கலாம். வெள்ளணுவும் தட்டணுவும் குறையும். அதன்பின் சில மாதங்களுக்கு வால்கான்சிக்ளோவிர், கோட்ரைமாக்சசோல் மாத்திரைகளைத் தருவது தொற்றுக்கு முன்னேற்பாடு. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று அவற்றை நிறுத்திவிடக் கூடாது. அடிப்படை மருந்துகளையும் அதே நேரத்தில் திருத்த வேண்டும். 2007-ல் வெளியான சிம்ஃபனி ஆய்வில் 1,645 பேரில் குறைந்த அளவு டாக்ரோலிமஸ் பெற்றவர்களுக்கு ஓராண்டில் நிராகரிப்பு 12.3 சதவீதம், வழக்கமான அளவு சைக்ளோஸ்போரின் பெற்றவர்களுக்கு 25.8. சைக்ளோஸ்போரினில் இருப்பவருக்கு நிராகரிப்பு வந்தால் டாக்ரோலிமஸுக்கு மாற்றுவதற்கு இதுவே காரணம்.

எதிர்ப்பொருள் நிராகரிப்பில் இவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. புதிதாகத் தொடங்கியதென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் பிளாஸ்மாவை மாற்றி, ஐ.வி.ஐ.ஜி. (நரம்பு வழி இம்யூனோகுளோபுலின்) ஏற்றுவது நடைமுறை, அதன் பின்னால் உள்ள ஆதாரம் மெலிதானது என்பதை நிபுணர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் மெல்ல அரிக்கும் நாட்பட்ட வகையில் ரிட்டுக்சிமேப், போர்டெசோமிப் என்று விலையுயர்ந்த மருந்துகளைப் பரிந்துரைக்கும்போது நோயாளி கேள்வி கேட்கலாம்: போர்டெசோமிப்பை ஒப்பீட்டு ஆய்வில் சோதித்தபோது பலன் தென்படவில்லை. நம்பிக்கை தரும் செய்தி 2024-ல் வந்தது. ஃபெல்சார்டாமேப் என்ற மருந்தைப் பெற்றவர்களில் 11 பேரில் 9 பேருக்கு ஆறு மாதத்தில் நுண்நாள அழற்சி அடங்கியது. போலி மருந்து பெற்று, மதிப்பிட முடிந்த 10 பேரில் 2 பேருக்கு. மொத்தம் 22 பேர் கொண்ட சிறிய ஆய்வு. அதை நம்பி வீட்டை அடகு வைக்கும் காலம் வரவில்லை. இப்போதைக்கு நாட்பட்ட வகையில் செய்யக்கூடியது டாக்ரோலிமஸ் 5-க்குக் கீழே போகாமல் பார்ப்பதும், நிறுத்திய ஸ்டீராய்டை மீண்டும் சேர்ப்பதும், ரத்த அழுத்தத்தைக் கட்டுவதும்தான்.

எதிர்ப்பொருள் வகை எங்கிருந்து வருகிறது என்பதை 2012-ல் கனடாவில் செல்லாரெஸ் குழு காட்டியது. காரணம் கண்டறிய முடிந்த 56 செயலிழப்புகளில் 36 நிராகரிப்பால். அந்த 36-லும் எதிர்ப்பொருளின் கைவரிசை இருந்தது. அவர்களில் 17 பேர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்கள் என்று அவர்களுடைய மருத்துவர்கள் ஏற்கெனவே குறித்திருந்தார்கள். நோயாளிமேல் பழி போடுகிறார்கள் என்று இதற்குச் சொல்வதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது: மாத்திரை வாங்கப் பணமில்லாமல் ஒருவேளையாகக் குறைத்தவரையும், வேலை இடத்தில் மறைத்ததால் மாத்திரை நேரத்தைத் தவறவிட்டவரையும், முகம் வீங்குகிறது, மயிர் வளர்கிறது என்று தானே நிறுத்திய இளம்பெண்ணையும் ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. ஒவ்வொருவருக்கும் தீர்வு வேறு. பணச் சிக்கல் என்றால் அரசுத் திட்டமோ விலை குறைந்த தயாரிப்போ பார்க்கலாம் (தயாரிப்பை மாற்றினால் ஒரு வாரத்தில் அளவு பார்த்தாக வேண்டும்). நேரச் சிக்கல் என்றால் நாளுக்கு ஒருமுறை மட்டும் போடும் மாத்திரை. முகச் சிக்கல் என்றால் மருந்தையே மாற்றலாம். மருத்துவருக்கு உண்மை தெரிந்தால்தான் இவற்றில் எதுவும் நடக்கும்.

அதனால் பயாப்சிக்குப் போகும் நாளில் அந்த நோட்டுப் புத்தகத்தோடு கடந்த மூன்று மாதத்தில் தவறிய வேளைகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சை முடிந்து கிரியாட்டினின் 1.6-லிருந்து 1.3-க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டால், இனி உங்கள் ஒப்பீட்டு அளவு 1.3, அடுத்த ஏற்றத்தை அதிலிருந்துதான் கணக்கிட வேண்டும். அதற்கு மேலேயே தங்கிவிட்டால் இரண்டாவது பயாப்சி பற்றிப் பேச வேண்டும். அழற்சி அடங்கியதா, தழும்பாக மாறிவிட்டதா என்பது எண்ணில் தெரியாது. தழும்புக்கு மேலும் மேலும் ஸ்டீராய்டு கொடுப்பதில் பயனில்லை. டி.எஸ்.ஏ. சோதனையை மூன்று மாதத்துக்குள் ஒருமுறையாவது திரும்பச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், முதல் அறிக்கை செய்த அதே ஆய்வகத்தில்.